கடைசிச் சீட்டு எண்ணி முடியும் வரை விலகச் சொல்லாதீர்கள்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
ஜூன் 10, 2016

ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவினருக்கும், மாநில ஓட்டுக்குக் கட்டுப்படாமல் மாநாட்டில் தாங்களே விரும்பிய வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் சூப்பர் டெலிகேட்டுகளுக்கும்,

வணக்கம். உங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க செவ்வாய்க்கிழமை நான் போட்ட ஓட்டு இன்னும் எண்ணப்படவில்லை. ஆனால் ஹிலரி கிளிண்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் நடந்த போட்டி முடிந்துவிட்டது என்று அதற்கு முந்தின நாள் மாலையே அறிவித்துவிட்டார்கள். இப்போது உங்களில் பலர், பெர்னி சாண்டர்ஸ் உடனே விலகிக்கொள்வதுதான் கட்சிக்கு நல்லது என்று பேசி வருகிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு சும்மா இருக்க முடியாமல்தான் இந்த மடல். மனதில் இருப்பது எனக்குத் தமிழில்தான் சரியாக வரும். என் மகள் இதை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்கு அனுப்புவாள். இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுப் போட்டது ஹிலரி கிளிண்டனுக்கு. நவம்பரிலும் அவருக்குத்தான் போடுவேன். ஒரு பெண் இந்த நாட்டின் அதிபராக வருவதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதனால் தோற்றவர் பக்கத்து ஆள் புலம்புகிறாள் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: கடைசி மாநிலமும் ஓட்டுப் போட்டு, கடைசிச் சீட்டும் எண்ணி முடியும் வரை, பின்தங்கியிருக்கும் வேட்பாளரை விலகச் சொல்லாதீர்கள்.

திங்கட்கிழமை மாலை நடந்தது உங்களுக்குத் தெரியும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. மாநிலங்களில் ஓட்டு மூலம் ஹிலரிக்குக் கிடைத்த மாநாட்டுப் பிரதிநிதிகள் 1,812 பேர், அவரை ஆதரிப்பதாகச் சொன்ன சூப்பர் டெலிகேட்டுகள் 571 பேர், ஆக 2,383. வேண்டிய எண்ணிக்கை வந்துவிட்டது, வேட்பாளர் அவர்தான் என்று செய்தி. கணக்கை நிறைவு செய்த கடைசிச் சிலரின் பெயர்கூட வெளியே வரவில்லை. நீங்கள் ஓட்டுப் போடப்போவது ஜூலை 25-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கும் மாநாட்டில். ஆனால் உங்களில் 571 பேர் தொலைபேசியில் சொன்ன வார்த்தை அன்றே கணக்கில் ஏறிவிட்டது. மறுநாள் கலிஃபோர்னியாவில் 475 பிரதிநிதிகளுக்காக நாங்கள் போடவிருந்த ஓட்டு அந்தக் கணக்கில் எங்கே இருந்தது?

அன்று மாலை வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். 19 வயது மகள் போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, முடிஞ்சு போச்சாம்" என்றாள். அவளுக்கு இதுதான் முதல் ஓட்டு. மூன்று மாதமாக சாண்டர்ஸுக்காக மாலை வேளைகளில் முகம் தெரியாதவர்களுக்கு போன் செய்து பேசிக்கொண்டிருந்தவள். அவளுடைய தோழிகள் சிலர் அன்றைக்கே, இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். அவர்களில் ஹிலரிக்குப் போட இருந்தவர்களும் உண்டு.

எனக்கும் இது முதல் ஓட்டுதான், 46 வயதில். 1998-ல் வேலை விசாவில் வந்தேன். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் எத்தனை வருடம் நிற்கிறோம் என்பதை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போன அக்டோபரில் ஓக்லாந்தின் பாரமவுண்ட் தியேட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு நின்று வலது கையை உயர்த்திக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். வெளியே வந்ததும் வாசலில் மேசை போட்டு வாக்காளராகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். எந்தக் கட்சி என்ற இடத்தில் 'கட்சிச் சார்பு இல்லை' என்று குறித்தேன். எல்லாவற்றையும் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அப்போது நினைத்தேன். அந்த ஒரு குறி என்னை எத்தனை தரம் அலையவிடும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

மே மாதம் தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. ஆசையோடு பிரித்தேன். செனட் வேட்பாளர்கள் இருந்தார்கள், உள்ளூர்ப் பதவிகள் இருந்தன. அதிபர் வேட்பாளர் பெயர் ஒன்றுகூட இல்லை. கட்சிச் சார்பு இல்லாதவர்கள் ஜனநாயகக் கட்சியின் சீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமாம். தகவல் அட்டை அனுப்பியிருந்தார்களாம். எங்கள் கண்ணில் படவில்லை. உரிய அலுவலகத்துக்கு போன் செய்தேன். அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை. மறுபடி செய்தேன். கெடு தேதி தாண்டிவிட்டது, தேர்தல் அன்று பழைய சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

செவ்வாய் காலை 7 மணிக்குக் கதவு திறக்கும்போதே வாக்குச்சாவடியில் இருந்தேன். கையில் அந்தப் பழைய சீட்டு, உறையோடு. அங்கிருந்த பெண்மணி நல்லவர், வயதானவர், காலையிலிருந்து ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சோர்ந்து போயிருந்தார். என்னைப் போன்றவர்களுக்கு எந்தச் சீட்டு என்பதில் அவருக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை. முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் தற்காலிக வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, உறையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கிழித்துத் தந்த துண்டுச் சீட்டில் ஒரு எண் இருக்கிறது. அதை வைத்து, என் ஓட்டு ஏற்கப்பட்டதா என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தற்காலிகச் சீட்டுகளை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சரிபார்த்து எண்ணுவார்கள். எண்ணி முடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

17 வருடம் காத்திருந்து, இரண்டு முறை போன் செய்து, முக்கால் மணி நேரம் நின்று போட்ட ஓட்டு இன்னும் உறைக்குள் இருக்கிறது. இந்த மாநிலத்தில் இன்னும் எண்ணாத சீட்டுகள் 20 லட்சத்துக்கும் மேல். முதல் இரவுக் கணக்கில் ஹிலரிக்கு 56 சதவீதம், சாண்டர்ஸுக்கு 43. ஹிலரிதான் ஜெயிப்பார், எனக்கும் தெரியும். அதற்காக அந்த 20 லட்சம் பேரின் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே ஒருவரை வெளியே போகச் சொல்வது எந்த நியாயம் என்று சொல்லுங்கள்.

2008 உங்களுக்கு நினைவிருக்கும். ஒபாமாவோடு நடந்த போட்டியில் அந்த மார்ச் மாதம் பின்தங்கியிருந்தவர் ஹிலரி. அவர் விலக வேண்டும் என்று வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி வெளிப்படையாகவே சொன்னார். ஹிலரி விலகவில்லை. அதற்குப் பிறகுதான் பென்சில்வேனியா, இண்டியானா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, போர்ட்டோ ரிக்கோ, தெற்கு டகோட்டா எல்லாம் அவர் பக்கம் வந்தன. கடைசி மாநிலங்கள் ஜூன் 3-ல் ஓட்டுப் போட்டு முடித்தன. ஜூன் 7-ல் அவரே மேடையேறி ஒபாமாவை ஆதரித்தார். அன்று எனக்கு இங்கே ஓட்டுரிமை கிடையாது. ஆனாலும் பெண்களை மேலே வரவிடாத கண்ணாடிக் கூரையில், தனக்கு விழுந்த ஓட்டுகளால் 1 கோடியே 80 லட்சம் கீறல்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு அழுதேன். மார்ச் மாதமே விலகியிருந்தால் அந்தக் கீறல்களில் எத்தனையோ லட்சம் விழாமலே போயிருக்கும். எட்டு வருடம் கழித்து அதே ஜூன் 7-ல்தான் நாங்கள் இங்கே ஓட்டுப் போட்டோம். அன்று அவருக்குக் கொடுத்த நேரத்தை இன்று இன்னொருவருக்குக் கொடுக்க உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை? அத்தனை நீண்ட போட்டிக்குப் பிறகும் நவம்பரில் ஒபாமா, அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் 365 வாங்கி ஜெயித்தாரே.

1980-ஐச் சொல்வீர்கள். சொந்தக் கட்சி அதிபர் கார்ட்டரை எதிர்த்து டெட் கென்னடி மாநாடு வரை விடாமல் நின்றதால் நவம்பரில் கார்ட்டர் தோற்றார் என்று இன்றும் பேசுகிறார்கள். கட்சிக்குள் விழுந்த காயம் பெரிதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடம் விலைவாசி இருந்த நிலை என்ன? 52 அமெரிக்கர்கள் ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். பழி முழுவதையும் கென்னடி தலையில் போடுவது சரியில்லை.

எனக்கு நினைவில் நிற்பது 1988. அந்த வருடம் கட்சியின் வேட்பாளரான டுகாகிஸுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த ஜெஸ்ஸி ஜாக்சன், ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தும் அட்லாண்டா மாநாடு வரை நின்றார். ஏறக்குறைய 70 லட்சம் ஓட்டு அவருக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பலத்தை வைத்து அவர் கேட்டு வாங்கியதுதான், வாங்கும் ஓட்டின் விகிதப்படி பிரதிநிதிகளைப் பிரிக்க வேண்டும் என்ற மாற்றம். 2008-ல் ஒபாமா ஒவ்வொரு மாநிலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முன்னேறியது அந்த விதியின் கீழ்தான். பின்தங்கியவர் பாதியில் போயிருந்தால் இது வந்திருக்குமா? இந்த வருடமும் கொள்கை அறிக்கை எழுதும் 15 பேரில் 5 பேரை நியமிக்க சாண்டர்ஸுக்கு நீங்கள் இடம் கொடுத்தீர்கள். அவர் இன்னும் களத்தில் நிற்பதால்தானே? 2009-லிருந்து 7 டாலர் 25 சென்ட்டிலேயே நிற்கும் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்குவது பற்றிப் பேச அங்கே ஆள் வேண்டும். அவருக்கு விழும் ஒவ்வொரு ஓட்டும் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் பலம்.

எங்கள் ஊரில் இப்போதுதான் தேர்தல் முடிந்தது. அசாமில் ஏப்ரல் 4, 11 தேதிகளில் ஓட்டுப் போட்டார்கள், தமிழ்நாட்டில் மே 16-ல். அசாம்காரர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். எல்லா மாநிலத்து ஓட்டும் மே 19-ல்தான் எண்ணப்பட்டது. மே 16 மாலை கடைசி ஓட்டு விழும் வரை, வாக்களித்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பைக்கூட வெளியிடக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. மதுரையில் என் அம்மா ஓட்டுப் போடப் போகும்போது, யார் ஜெயித்தார் என்று யாரும் அவர் காதில் போடவில்லை. எங்கள் தேர்தல்களில் ஆயிரம் குறை உண்டு. பணம் விளையாடியதால் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே தள்ளிவைத்தார்கள். இருந்தாலும் கடைசியில் நிற்பவரின் ஓட்டுக்கும் முதலில் போட்டவரின் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கொடுக்கிறார்கள். இங்கே முதலில் ஓட்டுப் போடும் அயோவாவும் நியூ ஹாம்ப்ஷையரும் பிப்ரவரியிலேயே பேசி முடித்துவிடுகின்றன. நாட்டிலேயே மக்கள் தொகை அதிகமான மாநிலம் ஜூன் வரை காத்திருந்து, முடிந்துபோன விஷயத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. அதுவும் வேலை நாளில், செவ்வாய்க்கிழமையில். வரி கட்டும் வருடமெல்லாம் யாரும் எங்களைக் காத்திருக்கச் சொன்னதில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை, ஜூன் 14, தலைநகர் வாஷிங்டன் டிசியில் ஓட்டு. அதுதான் கடைசி. அங்கே மொத்தமே 20 பிரதிநிதிகள். ஆனால் அந்த ஊர் மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடும் உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. பிரதிநிதி இல்லாமல் வரி கட்டுகிறோம் என்று கார் நம்பர் பிளேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சாவடிக்குப் போகும்போதாவது சீட்டில் உயிருள்ள போட்டி ஒன்று இருக்கட்டும். நேற்று ஒபாமாவைச் சந்தித்துவிட்டு வெளியே வந்த சாண்டர்ஸ், டிசி வரை நிற்பேன் என்றும், டிரம்ப்பைத் தோற்கடிக்க ஹிலரியோடு சேர்ந்து உழைப்பேன் என்றும் சொன்னார். இதற்கு மேல் அவரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்?

சூப்பர் டெலிகேட்டுகளே, கடைசி மாநிலமும் ஓட்டுப் போட்டு முடியும் வரை உங்கள் ஆதரவு யாருக்கு என்று செய்தி நிறுவனங்களிடம் சொல்லாமல் இருங்கள். தேசியக் குழுவினரே, வரும் தேர்தல்களுக்கு அதை ஒரு விதியாகவே எழுதி வையுங்கள். இந்த முறை, தயவுசெய்து, டிசி மக்கள் போடட்டும், கலிஃபோர்னியாவின் உறைகள் பிரியட்டும். அதுவரை சாண்டர்ஸை விலகச் சொல்லாதீர்கள்.

என் துண்டுச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன். இன்றும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கட்சிக்கு முதல்முறையாக ஓட்டுப் போட்ட ஒரு ஃப்ரீமான்ட் வாக்காளர்