கோப்பைப் போட்டியின் கூடுதல் டிக்கெட் யாருக்கு?

எங்கள் கிளப்பின் டிக்கெட் அலுவலகத்துக்கும், அவே பாயிண்ட் (வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும்போதெல்லாம் ஏறும் புள்ளி) குவித்து வைத்திருக்கும் மூத்த ரசிகர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் நாக்-அவுட் கால்பந்துப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் குலுக்கலில், எதிரணியின் மைதானத்தில் ஆட்டம் என்று விழுந்த நாளிலிருந்து, டிக்கெட் யாருக்கு என்று நமக்குள் ஓயாத சண்டை. "குளிரிலும் மழையிலும் ஊர் ஊராகப் போனவர்கள் நாங்கள், எங்களுக்குத்தான் முதலில்" என்கிறீர்கள். லீக் போட்டி என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். நாம் ஆடும் பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 இருக்கைதான். 30,000 இருக்கைக்குக் குறைந்த மைதானம் என்றால் அதில் 10 சதவீதம். அதில் யாரைப் புதிதாக நுழைப்பது?

கோப்பையின் கணக்கு வேறு. வருகிற அணிக்கு மைதானத்தின் இருக்கைகளில் 15 சதவீதம் வரை கேட்க உரிமை உண்டு. உதாரணத்துக்கு, 74,000 பேர் அமரும் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் அது ஏறக்குறைய 11,000. போலீசும் உள்ளூர்ப் பாதுகாப்புக் குழுவும் கொஞ்சம் வெட்டினாலும் லீக்கைவிட எவ்வளவோ அதிகம். (போர்ன்மத்தின் சின்ன மைதானம் என்றால் 1,700 தேறினால் பெரிது, அங்கே நான் வாதாட வரவில்லை.) அந்தக் கூடுதலையும் அதே பாயிண்ட் வரிசையில்தான் விற்கிறீர்கள்.

பாயிண்ட் இருந்தால்தான் டிக்கெட். டிக்கெட் வாங்கினால்தான் பாயிண்ட். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. போன தடவை விற்பனை தொடங்கிய காலையில் என் திரையில் "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று வந்தது. சாயங்காலமே பாயிண்ட்காரர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்: "நான் போகலை தம்பி, பாயிண்ட் விட்டுப்போகக் கூடாதுன்னு எடுத்தேன். வேணுமா?" இதற்குப் பெயர் விசுவாசமா?

கோப்பை ஆட்டம் டிராவானால் நம் ஊரில் மறு ஆட்டம் பார்க்கலாம் என்ற ஆறுதலும் 2024-25 சீசன் முதல் இல்லாமல் போய்விட்டது. இப்போது ஒரே ஆட்டம், ஒரே வாய்ப்பு.

ஆகவே, முதல் 3,000 டிக்கெட்டைப் பாயிண்ட்படியே கொடுங்கள். அதற்கு மேல் வருவதில் பாதியை, பாயிண்டே இல்லாத உறுப்பினர்களுக்குக் குலுக்கலில் விடுங்கள். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அதில் ஒரு பங்கு இருக்கட்டும். வாங்கியவர் உள்ளே வந்தால் மட்டும் பாயிண்ட் ஏறட்டும். லீக்கில் வெளியூர் டிக்கெட்டுக்கு 2016 முதல் இருக்கும் 30 பவுண்ட் வரம்பு கோப்பைக்கு இல்லை என்பதால், விலையையும் எதிரணியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாயிண்ட் இல்லாத ஓர் உறுப்பினர்