குதிரைமேல் ஆசை வைத்த பிள்ளைக்கு என்ன வாங்குவது? ஊருக்கு வரும் மாமாமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாமாமார், சித்தப்பாமார், அத்தைமார், சித்திமார் எல்லோருக்கும்,

துபாய், தோஹா, மஸ்கட், சென்னை, பெங்களூரு என்று பல இடங்களிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் குமரி மாவட்டம் வந்து சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்துவிட்டது. வீடுகளில் ஸ்டார் ஏறிவிட்டது. அரையாண்டுத் தேர்வு என்றைக்கு முடியும் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பெட்டி கட்டும் நேரம் இது. அதில் என்ன வைப்பது என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் பற்றி அல்ல. குடும்பத்துக்கு ஒன்று இருக்குமே, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமெல்லாம் குதிரை வரைகிற பிள்ளை, கன்னியாகுமரிக்கோ சங்குத்துறைக்கோ கூட்டிப்போனால் கடலைப் பார்க்காமல் கரையில் குதிரை நிற்கிறதா என்று தேடுகிற பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றி.

நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கைக்கு வந்தது பெரும்பாலும் மாடும் ஆடும்தான். ஆனால் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கும் ஊசி போட்டிருக்கிறேன், சேணம் உரசிய புண்ணுக்கு மருந்து வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் சுற்றி நாலு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அதில் மூன்று பேர் சீக்கிரம் போய்விடுவார்கள். ஒன்று மட்டும் கடைசிவரை நிற்கும். "வலிக்குமா?" என்று கேட்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் குதிரைப் படம் போட்ட டிஃபன் பாக்ஸும், குதிரைப் படம் போட்ட டி-ஷர்ட்டும், பேட்டரி போட்டால் கனைக்கிற பிளாஸ்டிக் குதிரையும் வாங்கிக் கொடுக்கிறோம். அது நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளும். ஆனால் அது கேட்டது படம் அல்ல, குதிரை. குதிரைக்குப் பக்கத்தில் போக அந்தப் பிள்ளைக்கு வழி செய்து கொடுக்கிற பொருளை வாங்குங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான விவரம்.

முதலில் பிரஷ். குதிரை தேய்க்கிற ரப்பர் சீப்பு ஒன்று, மென்மையான நார் பிரஷ் ஒன்று, குளம்பில் ஒட்டியதைக் கிளறி எடுக்கும் வளைந்த கொக்கி ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தால் அதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரியவில்லை. விலையும் அதிகமில்லை. முட்டம் பக்கத்தில் ஒரு சிறுமிக்கு நான் இதைக் கொடுத்து, பழக்கமான குதிரைக்காரர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். ரப்பர் சீப்பைக் கழுத்திலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொன்னோம். தூசியும் உப்பும் உதிர்ந்த முடியும் மேலே கிளம்பி வந்தன. கொஞ்ச நேரத்தில் குதிரையின் கீழுதடு தொங்கிவிட்டது, காது இரண்டும் பக்கவாட்டில் தளர்ந்துவிட்டன, பின்னங்கால் ஒன்றை மடக்கி நுனியில் ஊன்றிக்கொண்டது. அது சுகமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் அதுதான். அப்புறம் குதிரைக்காரர் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கும், அதன் இரு ஓரத்துப் பள்ளத்திலும் ஈர மணல் இறுகிப்போயிருந்தது, உள்ளே உடைந்த சிப்பித் துண்டு ஒன்று. கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி இழுக்க வேண்டும், மெத்தையில் குத்தக் கூடாது. அந்தச் சிப்பி கழன்று விழுந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அடுத்தது ஹெல்மெட். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அரபுக் குதிரையின் நாட்டில் இருக்கிறீர்கள். குதிரைச் சவாரிச் சாமான் விற்கிற கடைகள் அங்கே உண்டு. டெக்கத்லானிலும் ஃபூகான்சா என்ற பெயரில் சவாரிக்கான பொருள்கள் கிடைக்கும். இங்கே கடற்கரையில் பிள்ளைகளைத் தூக்கிக் குதிரைமேல் வைக்கிறோம், தலையில் ஒன்றும் இல்லை. பைக் ஹெல்மெட்டும் சைக்கிள் ஹெல்மெட்டும் இதற்கு உதவாது. சவாரிக்கென்றே செய்தது வேண்டும். உள்ளே ஈஎன் 1384 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். அளவு எடுக்கப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, பின்தலையின் புடைப்பைச் சுற்றி நூல் பிடித்தால் போதும். யாரோ போட்டுப் பழகியதை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறலே இல்லாவிட்டாலும், மறுமுறை காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

செருப்புக்குப் பதில் ஷூ வாங்குகிறவர்கள், அடிப்பாகம் வழவழப்பாகவும் குதிகால் அரை அங்குலமாவது உயர்ந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குதிகால்தான், சவாரி செய்கிறவர் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கால் நழுவிப் போய் மாட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. விழுந்த பிள்ளையைவிட, விழுந்தும் கால் சிக்கிக்கொண்ட பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

பொம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மைதான் சரி. ஆனால் நல்ல பொம்மையாக வாங்குங்கள். பிரையர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெரிய வகைக் குதிரைகள் உண்மைக் குதிரையின் ஒன்பதில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தோள் எங்கே, முழங்கால் எங்கே, குளம்புக்கு மேலே கணு எங்கே என்று பிள்ளை கையில் பிடித்தே படித்துவிடும். விலை கூடுதல் என்றால் ஜெர்மனியின் ஷ்லைக் பொம்மை இருக்கிறது. பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் அந்த ஊருக்குப் பக்கத்துச் சென்னபட்டணாவில் மரக்குதிரை வாங்கலாம். அங்கே மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றுகிறார்கள், குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லாத சாயம் போட்டதாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். வங்காளத்துப் பாங்குரா மண்குதிரை, நீளக் கழுத்தும் நிமிர்ந்த காதுமாக, பெரியவர்களின் வரவேற்பறைக்கு அழகு. நம் மயிலாடிச் சிற்பிகளிடம் ஒரு சாண் உயரத்தில் கல்குதிரை சொல்லிச் செய்யலாமே என்பது என் ஆசை. சாமி சிலை செதுக்குகிற கைக்கு இது பெரிய வேலை இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

குடில் கட்டுகிற வீடுகளில் இன்னொன்றையும் பார்க்கிறேன். ஞானிகளின் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் பிள்ளை தன் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தும். பெரியவர்கள் எடுத்து வெளியே வைப்பார்கள். எடுக்காதீர்கள். சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் வரவில்லையா? சாமித்தோப்பில் திருவிழாவின் எட்டாம் நாள் அய்யா வைகுண்டர் கலிவேட்டைக்குப் போவதும் வெள்ளைக் குதிரை வாகனத்தில்தானே? இந்த மண்ணில் குதிரை எல்லார் வீட்டுச் சாமிக்கும் வேண்டியது.

பொருளே வாங்காமல் கொடுக்கிற பரிசும் உண்டு. ஒரு நாள். விமானம் இறங்குவது பெரும்பாலும் திருவனந்தபுரத்தில்தான். பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்திலேயே குதிரை மாளிகை இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா 1840களில் கட்டிய அரண்மனை. கூரையின் அடியில் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாகப் பாய்ந்து நிற்கும். பிள்ளையை அங்கே நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். கேரளக் காவல்துறையின் குதிரைப்படையும் அந்த ஊரில்தான் இருக்கிறது. பிள்ளைகள் எப்போது பார்க்கலாம் என்று முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் தொங்கும் குதிரை விளக்கை நம்மில் பலர் அண்ணாந்து பார்க்காமலேயே கடந்து போயிருக்கிறோம். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அப்படியே நிற்கும் சங்கிலியில் அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

பிள்ளைகளுக்கு மட்டும்தானா பரிசு? வீட்டில் ஜட்கா வண்டிக் காலத்தை நினைத்துப் பேசுகிற தாத்தா இருந்தால், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கூட்டிப்போகிறேன் என்று இப்போதே ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுங்கள். காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரிக் குதிரையும் கத்தியவாரிக் குதிரையும் அங்கே வரும். சுழி பார்த்து விலை பேசுகிறவர்களோடு அவர் நாள் முழுக்க நிற்பார்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். குதிரைவால் முடியில் செய்த வளையல், கைச்சங்கிலி வேண்டாம். ஈயும் கொசுவும் கடிக்கும்போது குதிரைக்கு இருக்கிற பெரிய ஆயுதம் வால். சீப்பில் தானாக உதிர்ந்து வந்த முடியில் யாராவது பின்னிக் கொடுத்தால் அது வேறு. தேய்ந்து கழற்றிய பழைய லாடம் நல்ல பரிசு. லாடம் அடித்த குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், ஆகவே குதிரைக்காரரிடம் கேட்டால் கிடைக்கும். ஆணியை எடுத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்துக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாசத்தில் ஒரு குட்டிக் குதிரையையே வாங்கிக் கட்டிவிடாதீர்கள். வளைகுடாப் பணத்தில் அது முடியாத காரியமில்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குதிரை 25, 30 வருடம் வாழும். 300 கிலோ எடையுள்ள சின்னக் குதிரைக்கே நாளைக்கு ஆறு கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியாகக் கட்டினால் ஏங்கும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தப்பான தீனி ஒன்று போனால் வயிற்றுவலியிலேயே செத்துப்போகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் கடல்வழியாக வாங்கினார்கள் என்றும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் குதிரைகள் வந்து இறங்கிய காயல் என்ற துறைமுகம் நமக்குப் பக்கத்துக் கடற்கரைதான். அவ்வளவு பெரிய அரசர்களுக்கே இதுதான் நடந்தது. நீங்கள் ஜனவரியில் திரும்பிப் போய்விடுவீர்கள். குதிரை இங்கே நிற்கும்.

கடற்கரைக் குதிரைக்கும் ஏதாவது செய்ய நினைத்தால், பிள்ளையின் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். அகலமான ரப்பர் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். தீனியை மணலில் கொட்டினால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கி வலி உண்டாக்கும், தொட்டியில் போட்டால் அது இல்லை. ஒரு பெரிய வாளி கொடுக்கலாம், ஏனென்றால் வெயிலில் நிற்கும் குதிரை நாளைக்கு 25 லிட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். கோட்டாறு சந்தையில் கொள்ளு வாங்கி ஊறவைத்துக் கொண்டுபோகலாம், ஆனால் குதிரைக்காரரைக் கேட்டு அவர் சொல்கிற அளவுதான். தின்னக் கொடுக்க மட்டிப்பழம் ஒன்றிரண்டு நல்லது. கேரட்டை வட்ட வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் கீறுங்கள். கருப்பட்டி என்றால் சுண்டுவிரல் நுனி அளவு போதும், சர்க்கரை மிஞ்சினால் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போகும். எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையை விரித்து நீட்ட வேண்டும். குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, உதட்டால் தடவித்தான் எடுக்கும், விரலை மடக்கினால் விரலும் போகும். நேர் பின்னாலும் அதற்குப் பார்வை இல்லை, ஆகவே தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். காசு கொடுத்து ஒரு சுற்றுச் சவாரி போகும்போது வாயில் முள் வைத்த கடிவாளம் தெரிந்தால் ஏறாதீர்கள். அது 1965ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. குதிரைக்காரரிடம் சண்டை போடவும் வேண்டாம். முள்ளில்லாத கடிவாளம் ஒன்று வாங்கி அவர் கையில் கொடுங்கள். உலகத்துக்கே சேணமும் கடிவாளமும் செய்து அனுப்புகிற கான்பூர் நம் நாட்டில்தான் இருக்கிறது, ஆன்லைனில் வீட்டுக்கே வரும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். டிக்கெட் போட்ட கையோடு வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அண்ணியிடமோ மதினியிடமோ நூல் பிடித்துப் பிள்ளையின் தலைச்சுற்றளவை எடுக்கச் சொல்லுங்கள், ஷூ அளவையும் கேளுங்கள். வந்து இறங்கி, கேக்கும் பலகாரமும் முடிந்த மறுநாள் காலை, வெயில் ஏறும் முன்னால் ஒரு இரண்டு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். கடற்கரைக்கு அந்தப் பிள்ளையோடு நீங்களே போங்கள், டிரைவரோடு அனுப்பாதீர்கள். எந்தக் குதிரைக்காரர் பிராணியை நன்றாக வைத்திருக்கிறார் என்று தெரியாவிட்டால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற கால்நடைத் துறை ஊழியர் ஒருவர்