அந்த ஒரு மணி நேரத்தை எங்கள் சனத்துக்கும் ஒதுக்குங்கள்

நீதி அமைச்சருக்கும், சட்டமா அதிபருக்கும், பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பொறுப்பான தேசிய அதிகாரசபைக்கும், வன்னி நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பும் சட்ட உதவியும் செய்பவர்கள் எழுதும் திறந்த மடல்.

மதிப்புக்குரியவர்களே,

2020 மார்ச் 26. கொரோனாவுக்குப் பயந்து உலகம் கதவடைத்திருந்த நாள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில், ஓராண்டுக்கு முன் வெள்ளிக்கிழமைத் தொழுகை வேளையில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்து 51 பேரைச் சுட்டுக் கொன்றவன், அன்று திடீரெனக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். முடக்கத்தால் குடும்பங்கள் மன்றுக்கு வர முடியவில்லை. இரண்டு பள்ளிவாசல்களின் இமாம்களும் அவர்களுக்காக உள்ளே அமர்ந்திருந்தார்கள். செய்தியை ஒரு மணி நேரத்துக்கு வெளியே விடக்கூடாது என்று நீதிபதி கமரன் மாண்டர் கட்டளையிட்டார். ஊடகத்தில் வருவதற்கு முன் குடும்பங்களின் காதில் விழ வேண்டும் என்பதற்காக அந்த ஒரு மணி நேரம்.

அதே மார்ச் 26 அன்றுதான், 2000 டிசெம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த இராணுவ சார்ஜன்ட் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் என்ற விசேட மன்று 2015 இல் கொடுத்த தீர்ப்பு அது. 2019 இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருந்தது. குற்றவாளிக்கு மன்னிப்பு அளிக்க எண்ணும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும், அந்தக் குற்றம் தன் உடலை, மனதை, தொழிலை, வருமானத்தை எப்படிப் பாதித்தது என்று சொல்ல அவருக்கு இடமளிக்க வேண்டும் என்று, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க வந்த 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் அப்போதே சொல்லியிருந்தது. அந்தக் குடும்பங்களை முன்கூட்டி அழைத்துக் கேட்டதாக இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

தண்டனை கூடியதா குறைந்ததா என்று வாதாட இந்த மடலை நாங்கள் எழுதவில்லை. கூட்டுக் கொலை வழக்கொன்றில் இறந்தவரின் வீட்டாருக்கு எந்தக் கட்டத்தில், எந்த மொழியில், எந்தக் கதிரையில் இடம் என்பதை எழுத்தில் ஒரு நடைமுறைக் கோவையாக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. அடுத்த அனர்த்தம் நடந்த பிறகு அதை எழுத நேரமிராது. தமிழருக்கு மட்டுமாகவும் இதைக் கேட்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உயிர்தப்பியவர்கள் விடுதலைப் புலிகளைத்தான் கைகாட்டினார்கள். அந்த வீட்டாருக்கும் ஒரு வழக்கு நாள் கிடைக்கவில்லை. இதைத் தமிழில் எழுதும் நாங்கள் சொல்லாமல் விட்டால் மற்றதைக் கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை.

முதலில் பெயர். கிறைஸ்ட்சேர்ச்சில் 2019 மார்ச் 15 கொலை நடந்த மறுநாள் மன்றில் வைத்த முதல் கொலைக் குற்றச்சாட்டில், உயிரோடு இருந்த ஒரு பெண்ணின் பெயரை இறந்தவராக எழுதிவிட்டார்கள். பொலிஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டது. எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே அவசரத்தில் இது நடந்தது. வன்னியில் ஒரே ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், ஊரில் வீட்டுப் பெயர் என்று மூன்று இருக்கும். 2009 இல் போரின் முடிவில் பதிவுகளையே தொலைத்துவிட்டு வந்த குடும்பங்களும் உண்டு. ஆகவே பி அறிக்கை, அதாவது பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை, மன்றுக்குப் போகும் முன் பெயர்ப் பட்டியலைக் கிராம அலுவலரும் குடும்பத்தில் ஒருவரும் சேர்ந்து வரிக்கு வரி பார்த்துக் கையொப்பமிட வேண்டும். தமிழ் எழுத்தில் முழுப் பெயர், தந்தையின் பெயர், வீட்டுப் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். பட்டியலில் விழுந்த ஒரு பிழை மரண விசாரணை, இறப்புச் சான்றிதழ், இழப்பீடு, வங்கிக் கணக்கு என்று போகுமிடமெல்லாம் கூடவே போகும். அதைத் திருத்த ஒரு விதவை பிரதேச செயலகத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது உங்கள் அலுவலர்களுக்குத் தெரியும்.

உடலை ஒப்படைப்பதும் இதோடு சேர்ந்த வேலை. இஸ்லாமியர் இயன்றால் ஒரு நாளுக்குள் அடக்கம் செய்வார்கள். கிறைஸ்ட்சேர்ச்சில் முதல் அடக்கம் ஐந்தாம் நாள்தான் நடந்தது. தாமதத்துக்குக் காரணம் இருந்தது: அடையாளத்தில் பிழை விட்டால் ஒரு வீட்டின் உடல் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். அந்தக் காரணத்தைக் குடும்பங்களுக்குத் தினமும் நேரில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பிரேத அறை வாசலில் நிற்கும் பொலிஸ்காரர் சிங்களத்தில் ‘நாளைக்கு வா’ என்று சொல்வது போதாது.

காணொளி பற்றியும் சொல்ல வேண்டும். சுட்டவன் தன் தாக்குதலைப் பேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 15 இலட்சம் பிரதிகளைத் தாங்கள் நீக்கியதாக அந்த நிறுவனமே சொன்னது. நியூசிலாந்தில் அந்தக் காணொளி தடைசெய்யப்பட்டது. பகிர்ந்தவர்கள் சிறை சென்றார்கள். பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அவனுடைய பெயரைத் தன் வாயால் சொல்வதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பெரிய செய்தி நிறுவனங்கள் ஐந்து, வழக்கை எப்படி எழுதுவது என்று தங்களுக்குள் ஒரு விதிமுறை எழுதிக்கொண்டன. அவனுடைய கொள்கைக்கு மேடை கொடுப்பதில்லை என்பது அதன் சாரம். நாங்களும் இந்த மடலில் அவன் பெயரை எழுதவில்லை. எங்கள் ஊர்களில் வட்ஸ்அப் குழுக்களில் பிணங்களின் படம் ஓடும் வேகம் அம்புலன்ஸை முந்தும். இறந்தவரின் பிள்ளை அதைத் தன் கைத்தொலைபேசியில்தான் முதலில் பார்க்கிறது. இப்படிப் பகிர்வதைத் தடுக்கும் கட்டளையை முதல் நாளே நீதவானிடம் பெறும் விண்ணப்பத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆயத்தமாக வைத்திருங்கள்.

பதவியில் இருப்பவர்களும் வாயைக் காக்க வேண்டும். நோர்வேயில் 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவனின் வழக்கு தொடங்கிய இரண்டாம் நாளே, ஐந்து பேர் கொண்ட நீதிபதி குழாமிலிருந்து குடிமக்கள் சார்பான ஒருவர் விலக்கப்பட்டார். தாக்குதலுக்கு மறுநாள் மரண தண்டனைதான் நீதி என்று அவர் பேஸ்புக்கில் எழுதியிருந்தார். ஒரு வரியால் வழக்கே சரிந்திருக்கும். இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மே மாதத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைக்கப்பட்டன. ஒருவன் செய்ததற்கு ஊரையே வரிசையில் நிற்கவைத்து, முகம் மறைத்துத் தலையாட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியிடம் காட்டிய காலத்தை வன்னியும் மறக்கவில்லை.

குற்றப்பத்திரம். கிறைஸ்ட்சேர்ச்சில் 51 கொலை, 40 கொலை முயற்சி, ஒரு பயங்கரவாதக் குற்றம்: மொத்தம் 92. ஈஸ்டர் தாக்குதல் வழக்கில் 25 பேருக்கு எதிராக 23,270 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. எண்ணிக்கை கூடினால் நீதி கூடும் என்றில்லை. ஒவ்வொன்றையும் வாசிக்க வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பதில் பதிய வேண்டும். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றச்சாட்டு கட்டாயம் இருக்கட்டும். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொன்றும் தவணையைத் தள்ளும்.

இனி மொழி. நாங்கள் தினமும் பார்க்கும் சேதம் இங்கேதான் நடக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

வடக்கு கிழக்கில் நீதிமன்றப் பதிவு தமிழில் இருக்கும். வழக்கு அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ மாற்றப்பட்டால் பதிவு சிங்களமாகிவிடும். 1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 2016 ஜூலையில் சிங்கள யூரிமார் முன் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு படையினரும் விடுதலையானார்கள். தமிழ்ச் சாட்சிகள் பேசியது அந்த யூரிமாரின் காதுக்கு உரைபெயர்ப்பாகவே போனது.

உரைபெயர்ப்பில் என்ன கெடும்? ஒரு சாட்சி ‘பெடியள் ஓடினவை’ என்கிறார். வன்னிப் பேச்சில் பெடியள் என்றால் பையன்கள். அதே சொல்லுக்கு ஆயுத இயக்கப் பொடியன்கள் என்றும் பொருள் உண்டு. உரைபெயர்ப்பாளர் இரண்டாவதைப் பிடித்தால் ஓடியவர்கள் பொதுமக்கள் அல்ல என்று பதிவாகும். எதிர்த்தரப்பு வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் ஏறி நிற்கும். சாட்சி முதலில் ‘சின்னையா’ என்றும் பிறகு ‘சித்தப்பா’ என்றும் சொல்வார். ஒரே ஆள், பதிவில் இரண்டு ஆள். ‘பொழுதுபடேக்கை’ என்றது ஓரிடத்தில் பின்னேரமாகும், இன்னோரிடத்தில் இரவாகும். ‘கூப்பிடு தூரம்’ என்றதற்கு மீற்றர் கேட்பார்கள். தெரியாத மனுசன் பயத்தில் ஒரு இலக்கம் சொல்வார். பதினைந்து வருடம் கழித்து இன்னொரு இலக்கம் சொல்வார். முரண்பாடு என்று குறித்துவிடுவார்கள். அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. சம்பவத்தன்று அவர் தமிழில் சொன்னதைப் பொலிஸ் சிங்களத்தில் எழுதியது, வாசிக்கத் தெரியாத தாளில் அவர் கையெழுத்து வைத்தார், மன்றில் அது தமிழாக்கி அவருக்கு வாசிக்கப்பட்டது, அவருடைய பதில் மறுபடி சிங்களமானது. ஒரு வசனம் மூன்று தரம் மொழி மாறி வந்த பிறகு மிஞ்சுவதைத்தான் முரண்பாடு என்கிறார்கள்.

இதற்கு மருந்து பெரிய செலவில்லை. முதல் வாக்குமூலத்தைத் தமிழிலேயே, சாட்சியின் சொல்லிலேயே எழுதி, ஒலிப்பதிவும் எடுங்கள். வாக்குமூலத்தோடு ஒரு தாளில் உறவு வரைபடம் இணையுங்கள்: யார் யாருக்கு என்ன முறை, என்ன சொல்லி அழைப்பார். இடத்துக்கு மீற்றர் கேட்காமல் சாட்சியை அந்த வளவுக்கே கூட்டிப்போய் நிற்கவைத்து நில அளவையாளரைக் கொண்டு அளவெடுங்கள். மன்றில் ஒருவரை நாள் முழுக்கப் பேசவைக்காமல், இரண்டு உரைபெயர்ப்பாளர்கள் அரை மணிக்கு ஒரு தரம் மாறி மாறிச் செய்யட்டும். களைத்த உரைபெயர்ப்பாளர் வசனத்தின் வாலை விழுங்குவார்; ‘இல்லை’ தமிழில் வாலில்தான் நிற்கிறது.

தூரத்துக்கும் வழி இருக்கிறது. ஒஸ்லோவில் நடந்த வழக்கை நோர்வேயின் 17 மாவட்ட நீதிமன்றங்களில் நேரடியாகக் காட்டினார்கள். குடும்பங்கள் சொந்த ஊரிலிருந்தே பார்த்தார்கள். கொலையாளியின் வாக்குமூலத்தைப் பொது ஒளிபரப்புக்கு மட்டும் விடவில்லை. கொழும்பில் ஒரு ட்ரயல் அட் பார் நடந்தால் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் நீதிமன்றங்களில் ஒவ்வொரு அறையைத் திறந்து, தமிழ் உரைபெயர்ப்போடு திரையில் காட்ட முடியும். தூரத்திலிருந்து சாட்சியம் அளிக்க எங்கள் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இராமுழுக்க பஸ்ஸில் இருந்து வீங்கிய காலோடு வந்து, மன்று ஒத்திவைப்பு என்று கேட்டுவிட்டுத் திரும்பும் தாய்மாருக்கு இது எவ்வளவு என்று யோசியுங்கள். திரையில் மின்சாரம் நின்றால் மன்று காத்திருக்க வேண்டும் என்பதையும் கோவையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் திரை இருண்டபடி கிடக்க வழக்கு ஓடிவிடும்.

நோர்வேயில் கொல்லப்பட்ட 77 பேரின் பிரேத பரிசோதனை அறிக்கைகளும் மன்றில் தனித்தனியே சொல்லப்பட்டன. காயங்களை உடலின் படத்தில் காட்டாமல் ஒரு பொம்மை உருவில் காட்டினார்கள். ஒவ்வொரு அறிக்கைக்குப் பிறகும் இறந்தவரின் நல்ல படம் ஒன்று திரையில் வந்தது. அவர் யார், எதை விரும்பினார் என்று சில வரிகள் வாசிக்கப்பட்டன. எங்கள் மன்றுகளில் இறந்தவருக்குக் கிடைப்பது ஓர் இலக்கம். அந்தச் சில வரிகளை எழுதித்தர ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருக்கிறது.

கிறைஸ்ட்சேர்ச் தண்டனை விசாரணை 2020 ஓகஸ்ட் 24 முதல் 27 வரை நான்கு நாள் நடந்தது. பாதிக்கப்பட்ட 91 பேரின் கூற்றுகளை மன்று கேட்டது; கொலையாளி முன்னே இருந்தான். பிறகு நீதிபதி இறந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லித் தீர்ப்பளித்தார். பரோல் என்ற முன்கூட்டிய விடுதலைக்கு இடமின்றி வாழ்நாள் முழுதும் சிறை, அந்த நாட்டில் முதல் தரம். மன்னிப்பு வேளையில் கேட்கும்படி எங்கள் சட்டம் சொன்ன அதே விடயங்களைத் தண்டனைக்கு முன்னரும் கேட்பதை வழமையாக்குங்கள். கூற்று இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். தமிழில் சொல்லவைத்து அன்றே எழுதி, உரக்க வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும். குற்றவாளியைத் திட்டும் வரியும், விசாரணையில் வராத புதுக் குற்றச்சாட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வெட்டச் சொல்லும். வெட்டுப்பட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டில் நிற்பது பெரிய அவமானம். அதை முன்பே சொல்லிக்கொடுங்கள். வாசிக்க முடியாதவருக்குப் பதிலாக உறவினரோ சட்டத்தரணியோ வாசிக்கலாம்.

அங்கும் ஓட்டைகள் இருந்தன. அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம், உடலில் காயப்படாமல் கண்முன்னே கொலையைக் கண்டு மனமுடைந்தவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் இது இன்னும் மோசம். காயத்துக்கு வைத்தியத் துண்டு உண்டு. நித்திரை இழந்தவருக்குத் துண்டு இல்லை. அதிகாரசபையின் இழப்பீட்டுப் படிவத்தில் உளப் பாதிப்புக்குத் தனி இடமும், மாவட்ட வைத்தியசாலையின் உளநல வைத்தியரின் சான்று போதும் என்ற விதியும் வேண்டும்.

கடைசியாக அந்த ஒரு மணி நேரம். பிணை, குற்ற ஒப்புதல், தீர்ப்பு, மேன்முறையீடு, தண்டனைக் குறைப்பு, மன்னிப்பு: இவற்றில் எது நடந்தாலும் செய்திக்கு முன்னதாகத் தமிழில் குடும்பத்துக்குத் தகவல் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தொலைபேசி இலக்கம், ஒரு மாற்று ஆள், கிராம அலுவலரின் இலக்கம் பதிவில் இருக்கட்டும்; ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அழைத்துச் சரிபாருங்கள். மன்னிப்பென்றால் ஒரு மணி நேரம் போதாது, எழுத்து அறிவித்தலும் பதில் சொல்லக் குறைந்தது முப்பது நாளும் கொடுங்கள். பதில் கிடைத்ததற்குத் தமிழில் ஒரு பற்றுச்சீட்டும் கொடுங்கள்.

இந்தக் கோவையின் தமிழ் வரைவைப் பார்க்கவும், மன்றிலிருந்து சொற்களைச் சேர்த்துத் தரவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வன்னி நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பும் சட்ட உதவியும் செய்வோர்
வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்