பழைய இரும்புக்காரனுக்குப் போட வேண்டாம்

லைப்சிக்,
பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஊர்க்கதையெல்லாம் எழுதிவிட்டு, அப்பாவின் பிரஸ்ஸில் இருக்கும் ஈய அச்செழுத்துகளை எடைக்குப் போட்டுவிடச் சித்தப்பா சொல்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. தயவுசெய்து போட விடாதே. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலையில் என் பிரஸ்ஸில் மை டப்பாவைத் திறந்தால் கத்திக்கு மசிவதில்லை. கொஞ்சம் எடுத்து விளக்கடியில் வைத்து இளக்கி, உருளைகளைச் சும்மா ஓடவிட்ட பிறகுதான் முதல் தாள் உருப்படியாக விழுகிறது. ஹீட்டரை நாள் முழுக்கப் போடுவதில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டால் போதுமாக இருக்கிறது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

ஹைடல்பெர்க் அச்சு மெஷின் வந்துவிட்டது. இரண்டு கைகள் காற்றாடியாகச் சுழன்று, தாளைத் தானே எடுத்து, அச்சானதைத் தானே அடுக்குகிறது. மணிக்கு ஐயாயிரம் தாள் வரை போகும். அப்பா டிரெடில் மெஷினில் ஒவ்வொரு தாளாகக் கையால் வைத்து எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? வைகாசி முகூர்த்தங்களுக்கு விடிய விடிய நின்றாரே, அவர் இதைப் பார்த்திருக்க வேண்டும். தவணையில்தான் எடுத்தேன், சமாளித்துவிடலாம்.

மேல்மாடித் தாத்தாவைப் பற்றிப் போனில் சொன்னேனே, அவர் இன்னும் தினமும் நாலு மணிக்கு பிளாஸ்க்கில் காபியோடு வந்துவிடுகிறார். கிழக்கு ஜெர்மனி காலத்தில் இங்கே ஒரு பெரிய அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். சட்டைப்பையில் எப்போதும் இரும்பு ஸ்கேல். எதை அளந்தாலும் சிசரோ என்ற அச்சு அளவில்தான் சொல்வார், நம்மூரில் பைக்கா சொல்வதுபோல. ஒரு சிசரோ என்றால் நாலரை மில்லிமீட்டர். நான் வாங்கிய ரொட்டித் துண்டையும் அளந்து, மூன்று சிசரோ, கனம் அதிகம் என்றார். கல்யாண அட்டை அடிக்க வருபவர்கள் எழுத்து தாளில் ஆழமாகக் குழிய வேண்டும் என்று கேட்கிறார்கள். தாத்தா அதன் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அப்பாவும் அப்படித்தானே! எழுத்து தாளைத் தொட வேண்டும், குத்தக் கூடாது என்பார். கேட்பவர்களுக்கு அழுத்தியே அடித்துக் கொடுக்கிறேன், எனக்கென்று அடித்தால் அப்பா சொன்னபடிதான். தாத்தா வராத நாளில் ரேடியோவைப் போட்டுவிடுவேன்.

போன வாரம் பழைய சாமான்களோடு வந்த டின் ஒன்றைத் திறந்தேன். உள்ளே மண்ணெண்ணெய். நாங்கள் இங்கே எழுத்து கழுவத் தாவர எண்ணெய்தான் வைத்திருக்கிறோம், வாசனையே இருக்காது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நம் பின்கட்டும், அப்பாவின் சட்டையும், சாயங்காலம் கை கழுவியும் போகாத அந்த நாற்றத்தோடு அவர் எனக்குப் பிசைந்து ஊட்டிய தயிர்சாதமும் அப்படியே வந்துவிட்டன. அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியவில்லை, அண்ணா.

இனி எழுத்து விஷயம். இங்கிருந்து ஹாலே ரயிலில் அரை மணிதான். நம் தரங்கம்பாடிக்கு 1713-ல் வந்த தமிழ் எழுத்துகளை அங்கேதான் செய்தார்கள். அவை பெரிதாக இருந்ததால் தாள் அதிகம் பிடித்தது, அப்புறம் தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். மாயவரத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்த கோட்டை ஊரின் கதை இங்கே அடுத்த ஊரில் கிடக்கிறது! அப்பாவின் எழுத்தில் ஒரு பக்கம் கோத்து, இங்கே அடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு வைத்த ணை, லை, னை எல்லாம் நம் எழுத்துப் பெட்டிகளில் அப்படியே இருக்கும். எடைக்குப் போட்டால் உருக்கிவிடுவான், திரும்ப எங்கே வார்ப்பது?

ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனி ஈய எழுத்து நிற்கும் உயரம் 23.56 மில்லிமீட்டர். நம் பக்கம் இங்கிலீஷ் உயரம், 23.32. கால் மில்லிமீட்டர் குறைந்தாலே மை ஒட்டாது, அடியில் அட்டை கொடுத்து ஏற்ற வேண்டும். அதனால் லேத் பட்டறையில் வெர்னியர் அளவுகோல் வாங்கி, ‘அ’ ஒன்றையும் ‘க’ ஒன்றையும் நிற்கும் உயரம் அளந்து எழுது.

எல்லாவற்றையும் அனுப்ப வேண்டாம், சுமை தாங்காது. சித்தி பையன் படிக்க வரும்போது நடுத்தர சைஸில் ஒரு செட் மட்டும் கொடுத்துவிடு. சாக்கில் கொட்டாதே, முகம் தேய்ந்துவிடும். வரிசையாக நிறுத்தி, நூலால் இறுக்கிக் கட்டி, செய்தித்தாளில் சுற்று. கம்பாசிட்டர் மாமாவைக் கூப்பிட்டால் ஒரு நாளில் முடித்துவிடுவார், அவருக்குக் கூலி கொடுக்காமல் அனுப்பாதே. மற்றதை மேல் பரணில் ஏற்றிவிடு.

சித்தப்பாவுக்குப் பின்கட்டு இடம் வேண்டும் என்றால் நேராகக் கேட்கட்டும். பாகப் பத்திரத்தில் பிரஸ் கொட்டகை யார் பங்கு என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, வக்கீல் மாமாவிடம் காட்டு. அம்மாவுக்கு முழங்காலுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்களே, தள்ளிப்போடாதே. இந்த மாதம் பேப்பருக்குப் பணம் போய்விட்டது, மார்ச்சில் புத்தகச் சந்தை முடிந்ததும் அனுப்புகிறேன். அதுவரை அண்ணியின் சீட்டுப் பணத்தில் எடுத்துக்கொள், நான் அண்ணியிடம் பேசுகிறேன். குட்டிக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று முடிவாயிற்றா? உடனே எழுது.

உன் அன்புத் தங்கை