அந்த பேட்டரிக்கு 19 நாள்

அன்புள்ள முருகேசா,

ஐந்து மாதமாகக் கடிதம் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பாண்டி வீட்டைக் கட்டி முடித்துவிட்டான். வாசல்படி வழக்கம்போல் அவன் இஷ்டத்துக்குத்தான்.

நீ போனில் சொன்னதே மூன்று நாளாக மனதில் ஓடுகிறது. உங்கள் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், பட்டியலை நீதான் போடுகிறாய், "இனிமேலாவது ஃபைல் நகரும்" என்றாய். நகராது, மாப்ள.

இங்கே கப்பலூரில் ஏப்ரலில் 23 பேரை அனுப்பினார்கள். சுந்தரம் அண்ணனும் அதில் ஒருவர். முன்பெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி போனால் அவரிடம் சொன்னால் போதும். இண்டென்ட், அதாவது பொருள் கேட்டு அனுப்பும் படிவம், யார் மேஜையில் கிடக்கிறதென்று அவருக்குத் தெரியும். நேரே போய்க் கையெழுத்து வாங்கிவருவார். இரண்டே நாளில் பேட்டரி வந்துவிடும். போன மாதம் அதே பேட்டரிக்கு 19 நாள். அண்ணன் இல்லை, ஆனால் அவர் கையெழுத்துப் போடும் கட்டம் படிவத்தில் இன்னும் இருக்கிறது. அதில் யார் போடுவது என்று கேட்டுச் சென்னைக்கு மெயில். இருப்பவர்களுக்கோ பயம். ஏதாவது தப்பானால் அடுத்து தன் பெயர்தான் என்று ஆளுக்கு ஒரு ஒப்புதல் கூடுதலாகக் கேட்கிறார்கள். அத்தனை நாளும் பையன்கள் பெட்டிகளைக் கையால் இறக்கினார்கள்.

அமேசானைச் சொன்னாய். 2025 அக்டோபரில் 14,000 பேர், 2026 ஜனவரியில் 16,000 பேர் என்று வேலைகளைக் குறைத்தார்கள், நிர்வாக அடுக்குகளைக் குறைக்கத்தான் என்றார்கள். சரி. ஆனால் 2024 செப்டம்பரிலேயே, வேண்டாத நடைமுறை எதுவென்று ஊழியர்களையே எழுதச் சொல்லித் தனி மின்னஞ்சல் முகவரி வைத்தார்களே, நீ பார்க்க வேண்டியது அதைத்தான். பிரிட்டிஷ் கடற்படையைப் பற்றி பார்க்கின்சன் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கணக்குக் காட்டினார்: பெரிய போர்க்கப்பல்கள் 1914இல் 62, 1928இல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமை அலுவலகத்து அதிகாரிகள் 2,000 பேர் 3,569 ஆகிவிட்டார்கள். பட்டியல் போடுகிறவர் பக்கத்து மேஜைக்காரரை எழுதுவாரா, சொல்.

நேற்று மாட்டுத்தாவணியில் அண்ணனைப் பார்த்தேன். மச்சானுடைய பழக்கடையில் உட்கார்ந்திருந்தார். "பேட்டரி வந்துருச்சாப்பா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

பெயர்களை எழுதுவதற்கு முன்னால் ஒரு இண்டென்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அது போகிற மேஜைக்கெல்லாம் நீயே போ. எங்கே எத்தனை நாள் கிடக்கிறது என்று குறித்துக்கொள். எந்தக் கையெழுத்து இல்லாவிட்டாலும் ஒன்றும் கெடாதோ, அதை முதலில் அடித்துவிடு. அப்புறம் ஆளைப் பற்றிப் பேசலாம்.

பட்டியலை என்றைக்குக் கொடுக்க வேண்டும்? கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு.

உன்,
செல்வம்