திப்பி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. வயிறு உப்புசம், சாப்பிட்ட கையோடு கடமுடா, ரத்தப் பரிசோதனையில், உடம்புக்குள் அழற்சி இருந்தால் ஏறுகிற சி.ஆர்.பி. கொஞ்சம் கூட. "டாக்டர் பயப்பட வேண்டாம்னுட்டார், நல்ல பாக்டீரியா மாத்திரை ஆன்லைனில் ஆர்டர் போட்டுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். எனக்கு அந்த மாத்திரைதான் உறுத்துகிறது.

அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்பாய். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் 31 வருஷம் இருந்தவனுக்குத் திப்பியைத் தெரியும். சின்ன வயதில் மில்லுக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அந்தப் புளிச்ச நாற்றம் அடிக்கிற திப்பிதான். குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, கழுவி, தோலுரித்து, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்தால் மாவுப் பால் தொட்டிக்கு இறங்கும். சல்லடை மேல் நாரும் சக்கையுமாக நிற்பது திப்பி. தொட்டியில் படிந்த மாவு ஜவ்வரிசியாகி லாரி ஏறும். திப்பி களத்தில் காய்ந்து மாட்டுக்குப் போகும். எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு விலை. அந்த வெள்ளைப் பைத்தியத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. நன்றாகத் தீட்டிய அரிசி, மைதா பிஸ்கட், காய்ச்சல் வந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி. நாரெல்லாம் மாட்டுக்கு, மாவெல்லாம் உனக்கு.

உன் பெருங்குடலிலும் ஒரு தொழுவம் இருக்கிறது, கண்ணு. மனித உடம்பில் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று 2016இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உடம்பின் சொந்த செல்களே 30 லட்சம் கோடிதானாம். அந்தப் பாக்டீரியாவில் பெரும்பகுதி இந்தத் தொழுவத்தில்தான் கட்டியிருக்கிறது. மாவும் சர்க்கரையும் சிறுகுடலிலேயே செரித்து ரத்தத்துக்குப் போய்விடும். நார்தான் கீழே வரை போய்ச் சேரும். அதை அந்த ஜீவன்கள் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்று ஒன்றைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். சுவரை இறுக்கமாக வைத்திருக்கும், பக்கத்தில் காவல் நிற்கிற நோய் எதிர்ப்பு செல்களையும் அமைதிப்படுத்தும். நெய்யிலும் அது கொஞ்சம் உண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப பிள்ளைக்கு நெய் அனுப்பலாமே" என்று உன் அம்மா டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நெய்யில் இருப்பது மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கீழே போகாது என்று சொன்னால் காதில் வாங்கவே இல்லை.

நார் போகாவிட்டால் என்ன ஆகும்? நம் பாட்டி வீட்டில் ஒரு கோடையில் தீவனம் தீர்ந்தபோது செவலை மாடு கொட்டகைக் கூரையில் தொங்கிய ஓலையைப் பிடுங்கித் தின்றது. அதே கதைதான். அமெரிக்காவில் எலிகளுக்கு நாரே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். பசித்த பாக்டீரியா குடல் சுவர் மேல் இருக்கும் சளிப் படலத்தையே தின்ன ஆரம்பித்தன. படலம் மெலிந்தால் கிருமி சுவரை நெருங்கும், காவல் செல்கள் கம்பைத் தூக்கும். அதுதான் அழற்சி. அடிபட்டால் வீங்கி நாலு நாளில் வடிகிற அழற்சி இல்லை இது. வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் புகைகிறது. அந்தப் புகையில் கல்லீரல் சுரப்பதுதான் உன் சி.ஆர்.பி. அது ஏற இன்னும் நூறு காரணம் இருக்கலாம், சளி பிடித்தாலே ஏறும். அதனால் மூன்று வாரம் விட்டு மறுபடி எடுத்துப் பார்.

2015இல் வந்த ஓர் ஆராய்ச்சியை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்து ஆட்கள் 20 பேர். இரண்டே வாரம் இவர் சாப்பாட்டை அவருக்கு, அவர் சாப்பாட்டை இவருக்கு. நாளைக்கு 14 கிராம் நார் தின்ற அமெரிக்கர்களுக்கு அது 55 கிராமானது. குடலில் அழற்சி அடையாளங்கள் குறைந்தன, பியூட்டிரேட் ஏறியது. கிராமத்து ஆட்களுக்கு அப்படியே தலைகீழ். இரண்டு வாரத்தில்!

ஆனால் நாரே எல்லாம் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்டான்போர்டில் 36 பேரை வைத்து 10 வாரம் பார்த்தபோது, தயிர் மாதிரிப் புளித்த உணவு தின்றவர்களுக்குத்தான் ரத்தத்தில் 19 வகை அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார் தின்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு மாதிரி. அதனால் இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. நீ இட்லியைச் சொல்வாய். ஆவியில் வெந்த பிறகு அதில் உயிருள்ள கிருமி எங்கே? மோரில் இருக்கும். ராத்திரிச் சோற்றில் நீர் ஊற்றி வைத்த பழையதிலும் இருக்கும். ஆறின சோற்றின் மாவில் கொஞ்சம் செரிக்காத மாவாக இறுகி, நார் செய்கிற வேலையைச் செய்யும்.

அந்த மாத்திரையை வீண் என்று சொல்லவில்லை. சில நோய்க்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார். ஆனால் வைக்கோல் இல்லாத தொழுவத்துக்கு மாடு வாங்கிக் கட்டுவானேன்? நீ ராத்திரி ஷிஃப்டில் தின்பது நூடுல்ஸும் பன்னும். அதில் அவை எதைத் தின்னும்?

ஒரே நாளில் கொள்ளும் கீரையுமாக இறங்கிவிடாதே, வயிறு பலூன் ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு கைப்பிடியாக அதிகமாக்கு, தண்ணீர் நிறையக் குடி. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, இதில் ஒன்று இருந்தாலும் என் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு குடல் டாக்டரிடம் போ. மறைக்காதே.

பார்சல் நேற்று போட்டுவிட்டேன். ஏற்காட்டு மலையிலிருந்து வந்த சாமை 2 கிலோ, கொள்ளு, கேழ்வரகு மாவு. தட்டுவடை ஒரு பொட்டலம் அம்மா திணித்தாள். தட்டுவடைக்கு நடுவில் வைத்துச் செட்டு போட கேரட்டும் பீட்ரூட்டும் நீயே துருவிக்கொள், அதுவும் நார்தான். நெய் டப்பாவும் உள்ளே இருக்கிறது, நான் தோற்றுவிட்டேன். அந்த எவர்சில்வர் டப்பாவை அடுத்த முறை வரும்போது மறக்காமல் எடுத்துவா. இல்லையென்றால் அவள் என்னைத்தான் கேட்பாள்.

அப்பா