வளர்த்தவளுக்கும் தேடித் தந்தவர்களுக்கும்

கனடா ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். 2024 ஆவணியில் ஊருக்குப் போய் என் மூத்த மகனைப் பார்த்துவிட்டு வந்தேன். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. நான் கடைசியாகத் தூக்கியபோது மூன்று. ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தால் பேச்சு வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. என் இடுப்பில் கைக்குழந்தை, தலையில் மூட்டை. நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு தம்பி, "தாங்கோ அக்கா, அங்கால இறக்கிவிடுறன்" என்று மூத்தவனைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். நாங்கள் பாலம் தாண்ட விடிந்துவிட்டது. சைக்கிளைக் காணவில்லை.

அடுத்த வருஷம் நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அவனை வைத்திருந்தவர்கள் கிளாலிக் கடலால் வன்னிக்குப் போயிருக்கிறார்கள். நடுவில் பாதை இல்லை. 2002இல் வன்னிக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோது நான் கனடாவில்; என் கூடப்பிறந்த தம்பி போய்த் தேடினான், பிள்ளைக்கு அங்கே வேறு பெயர். செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்தோம். கண்டுபிடித்துத் தருகிறேன் என்று காசு வாங்கியவர்களும் உண்டு, அவர்களை விடுவோம்.

தருமபுரத்துப் பக்கம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற விதானையார் (கிராம சேவகர்) ஐயாவுக்கு முதல் நன்றி. என் பெறாமகள் விசாரித்தபோது, பிறப்புப் பதிவு இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்த ஒரு பெடியனை நினைவு வைத்துச் சொன்னவர் அவர். மூன்று நாள் எங்களை ஏற்றித் திரிந்து பெற்றோல் காசு மட்டும் வாங்கிய ஓட்டோத் தம்பிக்கும் நன்றி.

அப்புறம், என் பிள்ளையை வளர்த்த தங்கச்சி, உனக்கு. நீ என்னைக் கண்டதும் முதலில் மன்னிப்புக் கேட்டாய். "அவன்ர சட்டையைப் பதினாலு வருசம் வைச்சிருந்தனான் அக்கா, கடைசிச் சண்டையில மாத்தளனில எல்லாம் போட்டுது. நீலச் சட்டை, ரெண்டு தெறி இல்லை." அந்தத் தெறிகளை நாளைக்குத் தைப்போம் என்று நான்தான் விட்டிருந்தேன். மரபணுப் பரிசோதனை முடிவு பிறகுதான் வந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை.

சைக்கிள்காரத் தம்பியை இருபத்தெட்டு வருஷம் திட்டியிருக்கிறேன். அவர் மத்தியானம்வரை பிள்ளையோடு நனைந்துகொண்டு நின்றாராம். பிறகு உன்னிடம் கொடுத்து, "தாயைப் பாத்துக்கொண்டு வாறன்" என்று பாலத்துக்குத் திரும்பிப் போனவர், வரவேயில்லையாம். தம்பி, எங்காவது இருந்தால் இதை வாசியுங்கோ.

மகன் உன்னை அம்மா என்கிறான். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தடுமாறினான். "என்னைவிட மூத்தவதானே, பெரியம்மா எண்டு கூப்பிடன்" என்றாய். முதலில் சுருக்கென்றது, பொய் சொல்லமாட்டேன். இப்போது ஞாயிறு தோறும் போனில் அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருக்கிறேன்.

மாசியில் திரும்ப வருகிறேன். நீ கேட்ட கோடாலித் தைலம் ஆறு போத்தல் வாங்கிவிட்டேன்.